அடிக்குரல் நிற்கும் இடம்

1.

இந்தக் கதை ஓர் இசைத்தட்டின் உறைக்குள் போக வேண்டிய குறிப்பாகத் தொடங்கியது. பிட்ஸ்பர்க்கிலிருந்து வால்டர் ம்ரோஸ் என்பவர் போன் செய்தார். வாத்தியமில்லாமல் பாடிய கால்வர்டேல்ஸ் என்ற குழுவின் ஒரே தட்டைத் தான் மறுபடி வெளியிடப் போவதாகவும், அவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். நான் பால்டிமோரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஒரு பக்கம்தானே என்று ஒப்புக்கொண்டேன். என் கணவர் ஆர்லிஸ் டின்ஸ்லி அந்தக் குழுவில் அடிக்குரல் பாடியவர். போன பிப்ரவரியில் இறந்துபோனார்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஐம்பத்தாறாம் வருடக் கோடையில், மேற்கு பால்டிமோரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள்—"

'ஐந்து' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஏன் என்று சொல்வதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

(இன்னொரு தொடக்கமும் வைத்திருந்தேன்: "என் கணவர் சவரம் செய்யும்போது பாடுவார்." மோசமான வாக்கியம் இல்லை. ஆனால் அதை வைத்து ஆரம்பித்தால் கதை முழுக்க ஆர்லிஸ் கண்ணாடி முன்னால் நுரையோடு நின்றுகொண்டே இருப்பார். நானும் அங்கேயே நின்றுவிடுவேன்.)

2.

வால்டரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். என் முதல் வரைவில் அவர் மெலிந்த, படபடப்பான, மீசை வைத்த ஆள். பழைய தட்டு சேகரிப்பவர் அப்படி இருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று நானாக முடிவு செய்து எழுதினேன். உண்மையில் அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பருமனான வெள்ளைக்காரர். மீசை கிடையாது. வாசலில் நின்று ஷூவைக் கழற்றலாமா என்று கேட்டார். மீசையை எடுத்துவிட்டேன்.

இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்த தட்டை, குழந்தையை மடியில் வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். கையோடு தட்டைப் போட்டுக் கேட்கும் இயந்திரம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நீங்க மனசுல எதுவும் வெச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க. ஏழாங்கிளாஸ் பசங்களோட காலத்த ஓட்டினவ நான். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"பேர் போடறதுல எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தட்டுல யார் குரல் கேக்குதோ அவங்க பேர மட்டும்தான் போடுவேன். நான்தான் பாடினேன், நான்தான் பாடினேன்னு ஊருல பாதிப் பேர் சொல்லிட்டுத் திரியறாங்க."

"நியாயம்தானே."

"இதுல நாலு குரல்தான் இருக்கு."

காப்பி கொண்டுவந்து வைத்தேன் என்று வரைவில் இருக்கிறது. வைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆர்லிஸ் என்னிடம், எங்கள் பிள்ளைகளிடம், ஆலையில் கூட வேலை பார்த்தவர்களிடம், முடிவெட்டும் கடையில் என்று எல்லோரிடமும் அந்தத் தட்டில் தான் பாடியதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது அறுபத்துமூன்றில். அதற்குள் தட்டு எங்கும் கிடைக்காமல் போயிருந்தது. போட்ட கம்பெனி ஒரு புகையிலைக் கடையின் பின்னறை, கடையோடு அதுவும் போய்விட்டது. ஆர்லிஸின் பிரதியை அவருடைய அம்மா வீட்டைச் சூடேற்றும் குழாய்மேல் வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அது தொப்பியின் விளிம்பு போல வளைந்திருந்தது. ஆகவே நான் அதைக் கேட்டதே இல்லை.

பாட்டின் பெயர் 'என் கோட்டை நீயே வைத்துக்கொள்'. முன்குரல் டெல்மர் ஃபாக்ஸ். அவர் அந்த ஒரு வரியைத் தனியாகப் பாடி நிறுத்துகிறார். பிறகு ஒன்றுமே இல்லை. ஊசி உரசும் சத்தம் மட்டும். அப்புறம் கதவைத் திறந்தது போல எல்லாக் குரல்களும் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன.

அந்த இடைவெளிக்காகத்தான் சேகரிப்பவர்கள் இந்தத் தட்டைத் தேடுகிறார்கள் என்று வால்டர் சொன்னார். 'நிறுத்தம்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

"எல்லாக் குழுவும் வாய் ஓயாம பாடிட்டிருந்த காலம் மேடம். அப்ப போய் ஒரு மௌனத்த வெக்க எவ்வளவு தைரியம் வேணும்! இதப் பத்தியே ஆளுங்க பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க."

ஊசியை வைத்தார். டெல்மர் பாடினார். மௌனம் வந்தது.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "டும்-ட-லும், டும்-ட-லும், வே-ஏ-ஓ" என்று கீழே இறங்கினேன். ஆர்லிஸ் சவரம் செய்யும்போது பாடுவது அது. நான் இறங்கி முடித்த கணத்தில் தட்டில் அந்த நான்கு பேரும் உள்ளே வந்தார்கள்.

வால்டர் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"என்னது அது?"

"அவரு ஷேவ் பண்றப்ப பாடறது."

"இன்னொரு தடவ பாடுங்க" என்று ஊசியை மறுபடி வைத்தார்.

பாடினேன். மறுபடியும் அச்சாகப் பொருந்தியது. வால்டர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். நான் யாரையும் உட்கார விடாத சோபாக் கைப்பிடிமேல் உட்கார்ந்தார். அன்று அதைக் கண்டிக்கத் தோன்றவில்லை.

3.

நான் வாசகியாக இருந்தால் இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிட்டு யோசிப்பேன். ஓர் ஓட்டை இருந்தால் யார் வேண்டுமானாலும் அதற்குச் சரியாக ஒரு மூடி செய்யலாமே?

ஆர்லிஸ் அன்று போகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நண்பர்கள் நால்வரும் அவருடைய பங்கை வெறுமையாக விட்டுப் பாடிவிட்டார்கள். பிறகு தட்டு வந்தது. அம்மா அதைச் சூட்டில் வைப்பதற்குமுன் ஆர்லிஸ் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, அந்த இடைவெளிக்கு அளவெடுத்து ஓர் இறக்கத்தைத் தைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அதையே பாடினார். அப்படியானால் நான் கட்டிக்கொண்டது அந்தத் தட்டின் பாடகரை அல்ல, அதன் மிகச் சிறந்த ரசிகரை. அதிலும் தவறொன்றும்—

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தவறுதான். ஒரே மேஜையில் இத்தனை வருடம் சாப்பிட்ட மனிதர் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லியிருந்தால், அவர் சொன்ன மற்றதையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?]

வால்டருக்கு வேண்டியது ஒரு பெயர். எனக்கு வேண்டியது அதைவிடப் பெரியது. இருவரும் லெம் ஹாஸ்கின்ஸைப் பார்க்கப் போனோம்.

4.

ஐவரில் மீதி இருப்பவர் லெம் ஒருவர்தான். உச்சக்குரல் பாடியவர். வயதானவர்களுக்கான அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். அவர் பேசியதை அப்படியே எழுதினால், யாரோ ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். அதனால் சில நல்ல வரிகளை எடுத்துவிட்டேன். அவர் படித்தால் கோபிப்பார்.

"வா தங்கச்சி. யாரு இது, வரி ஆபீஸா?"

"வால்டர். உங்க தட்ட மறுபடி போடறவரு."

"அப்ப உக்காருங்க தம்பி. ஷூவக் கழட்டாதீங்க. இந்தத் தரைமேல எனக்கு நம்பிக்கை கிடையாது."

பொரித்த மீனும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ரெக்கார்டிங் அன்னிக்கு ஆர்லிஸ் வந்திருந்தாரா லெம் அண்ணே?"

மீனைக் கீழே வைத்தார்.

"இல்ல."

"இல்லையா?"

"அவனுக்கு ஆலைல ஷிஃப்ட். புதுசா சேந்திருந்தான், லீவு கேக்கப் பயம். நாங்க நாலு பேருதான் போனோம். ஏன், அவன் வேற மாதிரி சொன்னானா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே ஒருவர் குதிரை வண்டியில் தர்பூசணி விற்றுக்கொண்டு போனார். வால்டர் நல்ல மனிதர், 'பாத்தீங்களா' என்று கேட்காமல் இயந்திரத்தை மேஜைமேல் வைத்துத் தட்டைப் போட்டார். டெல்மர் பாடினார். மௌனம் வந்தபோது லெம் தலையை இடப்பக்கம் திருப்பினார். நால்வரும் உள்ளே வந்ததும் தலை நேராயிற்று.

"நிறுத்து தம்பி. மறுபடி போடு."

மறுபடியும் அதே இடத்தில் இடப்பக்கம் திரும்பினார். அங்கே குளிர்சாதனப் பெட்டிதான் இருந்தது.

"யாரப் பாக்கறீங்க?"

"ஆர்லிஸ" என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தக் குண்டன் மூச்ச இழுத்து முடிக்கறதப் பாத்துட்டுத்தான் நான் உள்ள வருவேன். எனக்குத் தாளம் எண்ணி உள்ள வரத் தெரியாது தங்கச்சி. சர்ச்சுல என்னைப் பாட்டுக் கோஷ்டிலேருந்து தூக்கினதே அதுக்குத்தான். இங்க எவ்வளவு சரியா வந்திருக்கேன் பாரு! அவன் இல்லாம எப்படி வந்திருப்பேன்?"

"இப்பத்தான வரலன்னு சொன்னீங்க."

"ஷிஃப்ட் இருந்துது. அது சத்தியம். ஒருவேள குரூப் போட்டோ எடுத்த அன்னிக்கோ?"

"போட்டோல ஆர்லிஸ் இருக்காரே."

"அப்ப போட்டோ எடுத்த அன்னிக்கு இல்ல." மீனை மறுபடி கையில் எடுத்தார். "இத்தன வருஷம் கழிச்சுக் கேட்டா எப்படி? நேத்துச் சாப்பிட்டதக் கேளு, அதுவே எனக்குச் சந்தேகம்."

5.

இங்கே ஒரு கழிப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்வர்டேல்ஸ் பாடிப் பழகியது பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில். ஓடு பதித்த சுவர் குரலைத் திருப்பி அனுப்பும். நான்கு பேர் பாடினால் எட்டுப் பேர் பாடுவது போலிருக்கும். எங்கள் பக்கத்துக் குழுக்கள் எல்லாமே அப்படித்தான் வளர்ந்தன. இடம் சின்னது, வட்டமாகத்தான் நிற்க முடியும். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடுவார்கள். ஆர்லிஸுக்கு எல்லோரையும்விடப் பெரிய உடம்பு. அதனால் முதுகைக் கதவில் சாய்த்து நிற்பது அவர் வேலை, வாத்தியார் தள்ளினால் திறக்காது. லெம் அவருக்கு வலப்பக்கம். அந்த வரிசை ஒருநாளும் மாறவில்லை.

லெம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வால்டர் குறுக்கிட்டார்.

"ரெக்கார்டிங் பண்ணின எடத்துல என்ன மைக் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"ஒண்ணே ஒண்ணுதான். பெரிய மாத்திரை மாதிரி இருக்கும். மேலேருந்து தொங்கும். ரேடியோ ஸ்டேஷனோட பின் ரூம் அது, சுவரெல்லாம் கம்பளி மாட்டியிருந்தாங்க."

வால்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அதுக்கு ரெண்டு முகம். முன்னால நின்னாலும் கேக்கும், பின்னால நின்னாலும் கேக்கும். பக்கவாட்டுல நின்னா அது செவிடு."

"அந்த ஆபரேட்டர் எங்கள முன்னால ரெண்டு, பின்னால மூணுன்னுதான் நிறுத்தினான். ஆனா பாட்டு ஆரம்பிச்சா நாங்க எங்க நிக்கறோம்னு எங்களுக்கே தெரியாது தம்பி. வட்டமாயிடுவோம்."

"ஆர்லிஸ் எங்க போவாரு?" என்று கேட்டேன்.

"கதவுகிட்ட. வேற எங்க போவான்?"

"எந்தப் பக்கம் கதவு?"

லெம் கையை நீட்டினார். மைக்குக்குப் பக்கவாட்டில்.

"ஆபரேட்டர் கண்டுபிடிக்கலயா?" வால்டருக்கு மூச்சு வாங்கியது. "நடுவுல அவ்வளவு நேரம் சத்தமே இல்லாம போகுதே!"

"அவனுக்கு அந்தப் பாட்டு தெரியுமா என்ன? இவனுங்க ஸ்டைலு போலருக்குன்னு விட்டிருப்பான். எங்களுக்கோ ஆர்லிஸ் பாடறது ரூமுக்குள்ள கேக்குது. அப்புறம் டெல்மர் வீட்டுச் சின்ன ரெக்கார்டு பெட்டில போட்டுப் பாத்தோம். அதுல எவன் அடிக்குரலும் கேக்காது, எந்தத் தட்டுலயும். 'இந்தப் பெட்டிக்கு வயிறே இல்லடா'ன்னு ஆர்லிஸ் சிரிச்சான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தியா, வந்திருக்கான்!"

6.

பார்த்தேனா?

எனக்கு ஆர்வம் வந்துவிட்டால் விடாது. நூலகத்தில் ஒரு பையன் திமிங்கலத்துக்குக் காது எங்கே என்று கேட்டால் அன்று மாலைவரை வேறு வேலை செய்ய மாட்டேன். வால்டரும் அதே ரகம் என்று தெரிந்தது. இரண்டு வாரத்தில் அதே வகை மைக் ஒன்றை யாரிடமோ கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் முன்னறைச் சுவர்களில் போர்வைகளை மாட்டினோம். மைக்கைத் தொங்கவிட்டோம். முன்னால் நான், பின்னால் வால்டர், பக்கவாட்டில் லெம்.

"நீங்க பாடுங்க சார், சத்தமா" என்றார் வால்டர்.

லெம் பாடவில்லை. வால்டரைத் திட்ட ஆரம்பித்தார். அவருடைய வயிற்றில் தொடங்கி, பிட்ஸ்பர்க் நகரத்தின் பேஸ்பால் அணிக்குப் போய், அங்கிருந்து குடும்பத்துக்குள் நுழைந்து நிதானமாக ஒவ்வொருவராக விசாரித்தார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வால்டருக்குக் காது முதல் கழுத்துவரை சிவந்துவிட்டது.

பதிவைப் போட்டோம். நான் சிரிப்பை அடக்குவது தெளிவாகக் கேட்டது. வால்டர் செருமியது கேட்டது. லெம் இருந்த இடத்தில், பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீட்டில் யாரோ வானொலி வைத்தது போல ஒரு முணுமுணுப்பு. அவ்வளவுதான்.

"இது எதுவுமே பதிவாகாதுன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா" என்றார் லெம், "இன்னும் கொஞ்சம் மனசு விட்டுப் பேசியிருப்பேன்."

வால்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசல் தட்டின் மௌனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இருக்கு மேடம். கீழ ஏதோ ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"லாரின்னு நினைக்கறேன். வெளில தெருவுல போயிருக்கும்."

"டும்-ட-லும்னு எறங்கற லாரியா?" என்றார் லெம்.

"கியர் மாத்தினா அப்படித்தான் எறங்கும் சார். நான் பஸ் ஓட்டினவன்."

ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். நான் கேட்டது

[இந்த வாக்கியத்தைப் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். என் காது ஆர்லிஸ் பக்கம். அதன் சாட்சியை இங்கே சேர்க்க முடியாது.]

வால்டர் தட்டை அட்டைகளுக்கு நடுவே திரும்ப வைத்தார்.

"சின்ன வயசுலேருந்து இந்த மௌனத்துக்காகத்தான் மேடம் இந்தத் தட்ட நான் தேடினேன். இப்ப என்னடான்னா, ஒரு ஆளு தப்பான எடத்துல நின்னுட்டாருங்கறீங்க."

"வருத்தமா?"

"தெரியல. இப்பல்லாம் அந்த எடம் வந்தா உள்ள ஒரே கூட்டமா இருக்கு."

7.

முடிவுகளைப் பார்ப்போம்.

ஒன்று: நவீன இயந்திரத்தில் போட்டு உரசல் சத்தத்தையெல்லாம் உரித்தெடுக்கிறார்கள். அடியிலிருந்து ஆர்லிஸின் குரல் எழுகிறது. நான் அழுகிறேன். இதை வால்டர் உண்மையிலேயே முயன்று பார்த்தார். உரிக்க உரிக்க அது குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமாகிவிட்டது. நானும் அழவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இன்னொன்று: லெம் போன் செய்து, உன்னைத் தேற்றுவதற்காகத்தான் தங்கச்சி அப்படிச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறார். இது நடக்கக்கூடியது. லெம் ஆயுள் முழுக்க அன்பினால் பொய் சொன்னவர். கேவலமாகப் பாடியவனிடமும் 'இன்னிக்கு உன் நாள்டா' என்பார். அவர் நேற்று போன் செய்தபோது அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தன் பெயர் முதலில் வருமா என்றுதான் கேட்டார்.

மூன்றாவது முடிவு எனக்குப் பிடித்தது. அதில் லெம் தலை திரும்பியதே போதும் என்று நான் எழுந்துவிடுகிறேன். நாக்கு பொய் சொல்லலாம், கழுத்து சொல்லுமா? அழகாக எழுதியும் வைத்தேன். பிறகு நான்காம் பகுதியைத் திரும்பப் படித்தேன். முதல் முறை தட்டு ஓடியபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நானே எழுதியிருக்கிறேன். தர்பூசணி வண்டிகூட வருகிறது. அப்படியானால் லெம் திரும்பியதை நான் எப்போது பார்த்தேன்? இரண்டாம் முறை திரும்பியதைப் பார்த்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் லெம் என் முகத்தைப் பார்த்திருப்பார்.

அந்த வரியைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

8.

வால்டர் தன் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார். "நீங்க என்ன எழுதிக் குடுக்கறீங்களோ அத அப்படியே அச்சடிக்கறேன் மேடம். நான் எதிர்க்கேள்வி கேக்க மாட்டேன்" என்றார். எதிர்க்கேள்வி கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவரோடு சண்டை போட்டு ஆர்லிஸை உள்ளே நுழைத்திருப்பேன். இப்போது சண்டைக்கு யாருமில்லை.

பெயர் போட்டால், அது ஒரு மனைவி போட்ட பெயர். போடாவிட்டால், தொண்டை நரம்பு புடைக்கப் பாடிய ஒருவரை, அவர் நின்ற இடம் சரியில்லை என்பதற்காக நானே வெளியே தள்ளிய மாதிரி ஆகும். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை மட்டும் குறையவே இல்லை. ஆர்லிஸ் போனபிறகு அவரைப் பற்றிப் புதிதாக ஒரு கேள்வி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் நினைக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோதுகூட அவரைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை.

இன்று வால்டர் போன் செய்வார். அவரிடம் படித்துக் காட்ட இரண்டு வரிகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்குரல் டெல்மர் ஃபாக்ஸ்; உச்சக்குரல் லெம் ஹாஸ்கின்ஸ்; நடுக்குரல்கள் யூஜின் ரைட்சன், சிசரோ பேட்ஸ்; அடிக்குரல் ஆர்லிஸ் டின்ஸ்லி (கேட்காது).

முன்குரல் டெல்மர் ஃபாக்ஸ்; உச்சக்குரல் லெம் ஹாஸ்கின்ஸ்; நடுக்குரல்கள் யூஜின் ரைட்சன், சிசரோ பேட்ஸ்.

லெம் பெயர் முதலில் வரவில்லை, அதை அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். பென்சில் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டில் ஒன்றை அடித்துவிடுங்கள். நான் அடுப்பில் பீன்ஸ் வைத்திருக்கிறேன், போய்க் கிளறிவிட்டு வருகிறேன். வந்ததும் காகிதத்தைப் பார்க்க மாட்டேன், போன் அடித்த பிறகுதான் கையில் எடுப்பேன். எதை விட்டு வைத்தீர்களோ அதை, குரல் நடுங்காமல், அவருக்குப் படித்துவிடுகிறேன்.